துவரை யாரும் வரவில்லை: பழைய கதைகளை ரிப்பேர் பண்ணின கதை

போன தீபாவளிக்கு முன்னாடி பாம் ஷெல்டரை கிளீன் பண்றேன்னு இறங்கினேன். உடைஞ்ச ஸ்கூட்டர், மகனோட பிரைமரி ஒன் ஸ்கூல்பேக், யாரோ கல்யாணத்துல குடுத்து இன்னும் பிரிக்காத இட்லிக் குண்டான், இதுக்கெல்லாம் அடியில ஒரு பெரிய பிஸ்கட் டின். மூடியைத் திறந்ததும் முதல்ல வந்தது வாசனைதான், மழையில நனைஞ்ச பூனை வாசனை. உள்ள ஏழு ஃபிளாப்பி (பழைய கம்ப்யூட்டர்ல ஃபைல் சேவ் பண்ணி வைக்கிற டிஸ்க்), மூணு நீள நோட்டு, ஒரு பிரவுன் கவர்ல கொஞ்சம் பேப்பர் கட்டிங். கல்யாணமாகி 1998ல இங்க சிங்கப்பூருக்கு வந்தேன், 1999லேர்ந்து 2006 வரைக்கும் நான் எழுதினது மொத்தமும் இந்த டின்தான். 2006ல மகன் பொறந்தான், 2013ல மகள், நடுவுல வேலைக்குப் போனது விட்டது மறுபடி போனது, வீடு மாத்தினது, மாமனார் தவறினது, இப்ப மாமியார் பாத்ரூம்ல விழுந்து இடுப்பெலும்பு ஒடிஞ்சு வீல்சேர்ல. இத்தனை வருஷத்துல நான் உருப்படியா எழுதி முடிச்ச ஒரே விஷயம் மேல் வீட்டுத் தண்ணி எங்க சீலிங்ல ஒழுகுதுன்னு போட்ட ரெண்டு பக்க லெட்டர், அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு, உவமையெல்லாம் வச்சேன்.

இதே மாதிரி டின் வச்சிருக்கிற ஃபிரெண்ட்ஸ் ரெண்டு பேர் நீ என்ன பண்ணேன்னு வரிசையா எழுதுன்னாங்க, அதான் இது. வரிசையா வருமான்னு தெரியல.

முதல்ல பூஞ்சைக் கதை. வீட்டுக்குள்ள பாம் ஷெல்டர் இருக்கிறவங்களுக்குத் தெரியும், அது குண்டு விழுந்தா நாம ஒளிஞ்சுக்கிறதுக்குக் கட்டின ரூம், தடி தடியா கான்கிரீட் சுவர், இரும்புக் கதவு, சாத்தினா காத்து எங்கேர்ந்து வரும்? நாம எல்லாரும் அதை ஸ்டோர் ரூமாத்தான் வச்சிருக்கோம், அதுலயும் மறக்க நினைக்கிற சாமானைத்தான் அங்க போடுறோம். நோட்டு மூணுலயும் ஓரம் பூரா பச்சையும் கறுப்புமா புள்ளி, ஒரு நோட்டோட ஸ்டேப்பிள் துரு புடிச்சு நடுப் பக்கத்தையே ஆரஞ்சா ஆக்கி வச்சிருந்துச்சு. நான் செஞ்ச முதல் முட்டாள்தனம், அதை அப்படியே ஹால்ல உக்காந்து டிஷ்யூவால தொடைச்சது. ஈரமா இருக்கிற பூஞ்சையைத் தொடைச்சா அது போகாது, மை மாதிரி இழுத்துக்கிட்டு பேப்பருக்குள்ள இறங்கும். அதோட மாமி அன்னிக்கு ராத்திரி பூரா இருமினாங்க. என்னால வந்ததா இல்ல வழக்கமான இருமலான்னு தெரியல, ஆனா அப்புறம் நோட்டு வேலை எல்லாம் வெளியில காரிடார்லதான்.

சரியான முறை என்னன்னா முதல்ல காய விடணும். காய விடுறதுன்னா வெயில்ல போடுறது இல்ல, வெயில் மையை வெளுத்துடும். நிழல்ல, நோட்டை விசிறி மாதிரி விரிச்சு நிக்க வச்சு, எதிர்ல டேபிள் ஃபேன். பத்து பக்கத்துக்கு ஒரு கிச்சன் பேப்பர் சொருகி ஒரு நாளைக்கு ஒரு தடவை மாத்துறது. பூஞ்சை நல்லா காய்ஞ்சு பொடியானதும் மெல்லிசான பெயிண்ட் பிரஷ்ஷால வெளிப்பக்கமா தட்டி விடணும், மூஞ்சில என்95 மாஸ்க், அது கோவிட் நேரத்து ஸ்டாக் இன்னும் ஒரு டப்பா இருக்கு, எல்லார் வீட்லயும் இருக்கும்.

இதுல நேரம் ஒரு பெரிய பிரச்சினை. நம்ம ஊர்ல காத்துல ஈரம் சராசரியாவே 80 சதவீதத்துக்கு மேல. விடியக்காலைல 90ஐயும் தாண்டும், மழை இல்லாத நாள்ல மதியம் ரெண்டு மூணு மணிக்கு 60 வாக்குல இறங்கும். அதாவது நோட்டைத் திறக்க நல்ல நேரம் மதியம் ஒரு ரெண்டு மணி நேரம். எனக்குன்னு நேரம் கிடைக்கிறது விடியக்காலை அஞ்சுலேர்ந்து அஞ்சே முக்கால் வரைக்கும், அதுக்கப்புறம் மகளை எழுப்பணும், இந்த வருஷம் அவளுக்கு பிஎஸ்எல்இ, பிரைமரி ஸ்கூல் முடிக்கிற பரீட்சை. மதியம்னா பாலர் பள்ளி அரை நாள் வேலை முடிஞ்சு வந்து மாமிக்கு சாப்பாடு, மாத்திரை, கால் எக்சர்சைஸ். வாரத்துல மூணு நாள் மாமி டே கேர் போறாங்க, வேன் வந்து கூட்டிட்டுப் போகும், சாயந்திரம் கொண்டு வந்து விடும். ஆக எனக்கு வாய்ச்சது வாரத்துல மூணு மதியம், அதுலயும் மழை வந்தா கேன்சல். நவம்பர் டிசம்பர்ல மழை எப்படி கொட்டும்னு சொல்லத் தேவையில்ல. மூணு நோட்டைக் காய வச்சு தட்டி முடிக்க பிப்ரவரி ஆயிடுச்சு.

அதனால வேலையை ரெண்டா பிரிச்சேன், மதியம் பேப்பர் வேலை, விடியக்காலை கம்ப்யூட்டர் வேலை. இப்படி பிரிச்சதுதான் இதுல நான் செஞ்ச ஒரே புத்திசாலித்தனம்னு நினைக்கிறேன். புதுசா கதை எழுதணும்னு உக்காந்தப்பெல்லாம், நடுவுல நிறைய தடவை உக்காந்தேன், நாப்பது நிமிஷத்துல முப்பது நிமிஷம் எங்க விட்டேன்னு தேடுறதுலயே போயிடும், மீதி பத்து நிமிஷத்துல குக்கர் விசில். ரிப்பேர் வேலை அப்படி இல்ல. பக்கம் 14 வரைக்கும் தட்டியாச்சுன்னா நாளைக்கு 15. யார் எப்ப கூப்பிட்டாலும் எந்திரிச்சுப் போகலாம், வந்தா வேலை அங்கயே இருக்கும், கோவிச்சுக்காது.

இன்னொரு தப்பையும் சொல்லிடறேன். ஒரு நோட்டுல அட்டையோட உள்பக்கம் பூஞ்சைக் கறை போகலன்னு ஸ்பிரிட்டை காட்டன் பட்ஸ்ல தொட்டு ஒத்தினேன். பால்பென் மை ஸ்பிரிட்ல கரையும்! தண்ணிக்குத் தாங்குற மை ஸ்பிரிட்டுக்குத் தாங்காது. ரெண்டு வார்த்தை நீலப் புகையாப் போச்சு. ஒரு கவிதையோட தலைப்பு அது. கவிதை ரொம்ப சுமார், அதனால பெருசா துக்கம் இல்ல, ஆனா நல்ல கவிதைக்கு ஆகியிருந்தா அழுதிருப்பேன்.

கட்டிங் கவர் வேற மாதிரி சேதம். அந்தக் காலத்துல எங்கம்மா மாதிரியே சோத்துப் பருக்கையை மசிச்சு பசையாக்கி வெள்ளைத் தாள்ல ஒட்டி வச்சிருந்தேன், சிக்கனம். ராமபாணப் பூச்சிக்கு, அதான் வெள்ளியா வழுக்கிக்கிட்டு ஓடுமே, அதுக்கு மாவுப்பசைன்னா விருந்து. எங்கெங்க பசை தடவினேனோ கரெக்டா அங்கங்க தின்னுருக்கு, பசை இல்லாத இடம் நின்னுருக்கு. என் கதை ஒன்னு இங்கத்து தமிழ்ப் பேப்பர் தமிழ் முரசுல வந்த கட்டிங், அதுல நாலு பக்க ஓரமும் போய் நடுவுல கொஞ்சம் எழுத்து மட்டும் ஒரு தீவு மாதிரி. அதுக்கு ரிப்பேரே கிடையாது. ஆனா விக்டோரியா ஸ்ட்ரீட் நேஷனல் லைப்ரரில பதினொன்னாவது மாடி, லீ கோங் சியான் நூலகத்துல பழைய பேப்பரெல்லாம் மைக்ரோஃபிலிம்ல, அதான் பக்கத்தைச் சின்னதா படம் புடிச்ச ஃபிலிம் சுருள்ல, இருக்கு. எனக்கு வருஷமும் மாசமும்தான் ஞாபகம், தேதி இல்ல. ரெண்டு சனிக்கிழமை, மகளை டியூஷன்ல விட்டுட்டு அங்க போய் அந்தச் சுருளைச் சுத்திக்கிட்டே இருந்தேன். கதையைத் தேடப் போய் மத்ததெல்லாம் படிச்சேன், அரிசி விலை, மரண அறிவித்தல், தேக்காவுல கடை வாடகைக்குன்னு விளம்பரம். ரெண்டாவது சனிக்கிழமை கிடைச்சுது. பார்த்தா நான் நினைச்சிட்டிருந்ததை விட கதை சின்னது! மனசுக்குள்ள அது இத்தனை வருஷத்துல ஒரு குறுநாவல் அளவுக்கு வளர்ந்திருந்துச்சு.

நடுவுல ஒன்னு சொல்லணும். 2015ல எஸ்ஜி50, அதான் சிங்கப்பூர் தனி நாடாகி 50 வருஷம் ஆனதைக் கொண்டாடின சமயம், 1965லேர்ந்து 50 வருஷத்துல வந்த சிங்கப்பூர் தமிழ்ப் புத்தகங்களைத் திரட்டி மின்மயமாக்கி நேஷனல் லைப்ரரில சேர்த்தாங்க, தொண்டூழியர்கள் நிறைய பேர் சேர்ந்து செஞ்சது, பெரிய வேலை. அதுல இருக்கிறது புத்தகமா வந்தவங்க. புத்தகம் போடாம நாலு கதை அஞ்சு கவிதை எழுதிட்டு வீட்டு வேலைல காணாமப் போனவங்க எத்தனை பேர், பெரும்பாலும் பொம்பளைங்கதான், அவங்க டின்னை அவங்கதான் திறக்கணும், வேற யாரும் வந்து திறக்கப் போறதில்ல.

சரி ஃபிளாப்பி. இதுலதான் நான் எதிர்பார்க்காத கூத்தெல்லாம்.

கேரோசல்னு பழைய சாமான் விக்கிற ஆப்ல பழைய யூஎஸ்பி ஃபிளாப்பி டிரைவ் ஒன்னு 15 வெள்ளிக்குக் கிடைச்சுது. எம்ஆர்டி ஸ்டேஷன்ல வாங்கிட்டு வந்த வேகத்துல முதல் டிஸ்கை உள்ள தள்ளினேன், கர்ர்ர்னு ஒரு சத்தம், ஒன்னும் வரல. ரெண்டாவதைப் போட்டேன், அதுவும் அதே. மூணாவது போடறதுக்கு முன்னாடி மகன் நல்ல நேரத்துல தடுத்தான், அவன் நேஷனல் சர்வீஸ்ல, அதான் பசங்க கட்டாயமா செய்ய வேண்டிய படைச் சேவைல இருக்கான், அந்த வெள்ளிக்கிழமை கேம்ப்லேர்ந்து புக் அவுட் ஆகி வந்திருந்தான். ஃபிளாப்பியோட அந்த தகரக் கதவை விரலால நகர்த்தி டார்ச் அடிச்சுப் பாருங்கம்மான்னான். பார்த்தா பழுப்பு வட்டுல வெள்ளை வெள்ளையா பூஞ்சை. அதை அப்படியே டிரைவ்ல சுத்த விட்டா ரீடிங் ஹெட்ல ஒட்டிக்கிட்டு அடுத்த நல்ல டிஸ்கையும் கீறி விட்டுடும். ரெண்டாவது டிஸ்க் என் அவசரத்தால செத்ததா தானாவே செத்ததா, அது எனக்கும் கடவுளுக்கும் நடுவுல.

கிளீன் பண்ணினது இப்படித்தான். தகரக் கதவைத் திறந்து புடிச்சுக்கணும், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், தண்ணி கம்மியான 99 சதவீதம், அதைத் துளி தொட்ட காட்டன் பட்ஸ், வட்டு மேல மெதுவா ஒத்திக்கிட்டே பின்பக்க உலோக மையத்தை விரலால சுத்தணும், கொஞ்சம் கொஞ்சமா மொத்த வட்டும் வரும். ரெண்டு பக்கமும். அழுத்தினா போச்சு. காய விட்டு, டிரைவ் ஹெட்டையும் அதே மாதிரி தொடைச்சு, அப்புறம்தான் உள்ள விடணும். மறக்காம மூலைல இருக்கிற அந்தக் குட்டி ஜன்னலைத் திறந்து வைங்க, அப்பதான் கம்ப்யூட்டர் தவறியும் அதுல எதையும் எழுதாது.

அப்புறம் ஃபைலை நேரா காப்பி பண்ணாம மொத்த டிஸ்கையும் அப்படியே ஒரே ஃபைலா நகலெடுத்தான் மகன், அதுக்குப் பேருதான் டிஸ்க் படம், டிடிரெஸ்கியூன்னு லினக்ஸ்ல ஒரு புரோகிராம், படிக்க முடிஞ்சதை முதல்ல எடுத்துட்டு படிக்க முடியாத துண்டுக்குத் திரும்பத் திரும்ப வந்து முயற்சி பண்ணும். ஒரு டிஸ்க்ல மொத்தமே 2,880 துண்டு, ஒரு துண்டுக்கு 512 பைட், அவ்வளவுதான் 1.44 எம்பி. இப்ப எடுக்கிற ஒரு போட்டோ கூட அதுல அடங்காது, ஆனா என் ஏழு வருஷம் அதுல அடங்கி இன்னும் இடம் மிச்சம் இருந்துச்சு. ஏழுல அஞ்சு டிஸ்க் முழுசா வந்துச்சு, ஒன்னு முக்கால்வாசி, ஒன்னு காலி. அது டிக் டிக்னு ராத்திரி பூரா அடிச்சுக்கிட்டே இருந்துச்சு, பல்லி மாதிரி.

ஃபைல் வந்துடுச்சுன்னு லிப்ரே ஆபீஸ்ல திறந்தா ஒரு எழுத்து தமிழ் இல்ல. தமிழ்ங்கிற வார்த்தையோட முதல் எழுத்து இருக்க வேண்டிய இடத்துல முக்கால்னு பின்னக் குறி, அடுத்தாப்ல தலைக்கு மேல கோடு போட்ட ஏ, அப்புறம் சென்ட் குறி. புதுசா பார்க்கிறவங்களுக்கு ஃபைல் கெட்டுப் போச்சுன்னுதான் தோணும், கெடல, அது திஸ்கி. இப்ப எல்லா கம்ப்யூட்டரும் ஏத்துக்கிற யூனிகோடுங்கிற பொது முறை பரவுறதுக்கு முன்னாடி நாம எல்லாரும் முரசு அஞ்சல் மாதிரி சாஃப்ட்வேர்ல தட்டினோமே, ஆங்கில எழுத்தும் அதோட குறிகளும் இருக்கிற கட்டங்கள்ல பாதிக் கட்டத்தை எடுத்துக்கிட்டு தமிழ் எழுத்தோட வடிவத்தை உக்கார வச்ச முறை. ஒரே குழப்பமா ஆளுக்கொரு எழுத்துரு வச்சிருந்த காலம். 1997ல இங்கத்து எழுத்தாளர் நா. கோவிந்தசாமி முன்னின்னு இங்க சிங்கப்பூர்லதான் தமிழ் இணையத்துக்கான முதல் மாநாடு நடத்தினார், ஆளுக்கொரு குறியீடு வச்சிருக்கோமே ஒன்னாக்குவோம்ங்கிற பேச்செல்லாம் சூடு புடிச்சது அந்தச் சமயம்தான். நான் இங்க வந்தப்போ பழைய கம்ப்யூட்டர் ஒன்னு வீட்ல இருந்துச்சு, வீட்டுக்காரர் எழுத்துரு போட்டுக் குடுத்தார், முதல் தடவை திரையில என் பேரைத் தமிழ்ல பார்த்த அன்னிக்கு ரசம் வைக்க மறந்துட்டேன்.

மாத்துறதுக்கு வழி இருக்கு, என்எச்எம் கன்வர்ட்டர் மாதிரி இலவசமா இருக்கு, திஸ்கிலேர்ந்து யூனிகோடுன்னு சொன்னா மாத்தித் தரும். வெறும் எழுத்துக்கு எழுத்து மாத்துற வேலை இல்ல அது. திஸ்கில ஒத்தைக் கொம்பு கண்ணுக்குத் தெரியற மாதிரியே எழுத்துக்கு முன்னாடி நிக்கும், யூனிகோடுல எழுத்துக்குப் பின்னாடி, அதெல்லாம் இடம் மாத்தி வைக்கணும். மாத்திச்சு. முதல் கதை கண்ணு முன்னாடி தமிழா வந்து நின்னுச்சு, கத்தணும் போல இருந்துச்சு, மணி அஞ்சு இருபது, எல்லாரும் தூங்கறாங்க.

படிக்க ஆரம்பிச்சேன். "துவரை யாரும் வரவில்லை." இதுதான் முதல் வரி.

துவரையா? நான் என்ன சமையல் கதையா எழுதினேன்? அடுத்த வரில "ந்த வீட்டில் வள் மட்டும்." அப்புறம் "ரவு." அப்பதான் பிடிபட்டுச்சு, இதுவரை யாரும் வரவில்லை. இந்த வீட்டில் இவள் மட்டும். கதை பூரா ஒரு எழுத்து மட்டும் இல்ல, இ! மத்ததெல்லாம் பத்திரமா இருக்கு, இ மட்டும் ஒன்னு விடாம மாயம்.

மகன் தேடிக் கண்டுபுடிச்சான். பழைய திஸ்கில இ உக்காந்திருந்த கட்டம், ஆங்கிலத்துல சாஃப்ட் ஹைஃபன்னு ஒரு குறிக்குச் சொந்தமான கட்டம். வரி முடிவுல வார்த்தையை உடைக்கணும்னா மட்டும் தெரியற கோடு, மத்தபடி கண்ணுக்குத் தெரியாது. சில சாஃப்ட்வேர் அதைப் பார்த்தா எழுத்துன்னு மதிக்காம முழுங்கிடும். இந்தத் தொல்லையாலதான் 1.7ங்கிற பதிப்புல இ-யை வேற கட்டத்துக்கு மாத்தினாங்களாம். என் ஃபைலெல்லாம் அதுக்கு முந்தினது, நடுவுல ஏதோ ஒரு வருஷம் புது கம்ப்யூட்டருக்கு காப்பி பேஸ்ட் பண்ணி மறுபடி சேவ் பண்ணிருக்கேன், அப்பவே போயிருக்கு. நான் திறந்து பார்க்கவே இல்ல.

மொத்தம் 31 கதை. ஒவ்வொரு இ-யையும் கையால போடறதுன்னா மகளோட பிஎஸ்எல்இ முடிஞ்சு அவ கல்யாணமே ஆயிடும். அப்பதான் பாலர் பள்ளிப் பிள்ளைங்களுக்குப் பாட்டு சொல்லிக் குடுக்கிற எனக்கு எப்பவோ படிச்ச இலக்கணம் உதவிச்சு. தமிழ்ல மெய்யெழுத்து சொல்லுக்கு முதல்ல வராது, தொல்காப்பியம் காலத்துலேர்ந்து அப்படித்தான். அப்ப எந்த வார்த்தை புள்ளி வச்ச எழுத்துல ஆரம்பிக்குதோ அங்க இ தொலைஞ்சிருக்கு! ல்லை, ன்று, ங்கே, ப்போது, ந்த. மகன் அஞ்சு வரில ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட், அதான் குட்டி புரோகிராம், எழுதினான், ஒரு நொடில ஆயிரக்கணக்குல இ திரும்பி வந்துச்சு. அவனுக்கு தமிழ் பேச வரும், வாசிக்கச் சொன்னா நெளிவான், "அம்மா, கிராமருக்கு இப்படி ஒரு யூஸ் இருக்கா"ன்னான், எனக்கு அந்த ஒரு வார்த்தை போதும்.

அடுத்தது ட, ர, ல, ற, ன இதெல்லாமும் சொல்லுக்கு முதல்ல வராதே, அங்கயும் இ போட்டா ரவு இரவாகும், டம் இடமாகும், னி இனியாகும். பேராசையில அதையும் ஓட்டினோம். வந்துச்சு பாருங்க. இடாக்சியில் ஏறினாள். இலிஃப்ட் பழுது. இலாரி, இரேடியோ, இடிவி. சிங்கப்பூர்ல நடக்கிற கதையில டாக்சியும் லிஃப்டும் இல்லாம எப்படி? பழைய புலவர்கள் யாரோ எழுதின மாதிரி ஆயிடுச்சு, நானும் மகனும் ராத்திரி பன்னெண்டு மணிக்கு வாயைப் பொத்திக்கிட்டு சிரிச்சோம். அதையெல்லாம் ஒரு பட்டியல் போட்டு திருப்பி எடுத்தோம்.

மிச்சம் இருந்ததுதான் கஷ்டம், ஏன்னா இ போனாலும் வேற ஒரு நல்ல வார்த்தையா நின்னுடுச்சு. அவள் மையை மூடினாள்னு ஒரு வரி, அது இமை. துவரை எல்லா இடத்துலயும் இதுவரையான்னு பார்த்தா ஒரு இடத்துல நிஜமாவே துவரம்பருப்பு டின். இதுக்கு எந்த ஸ்கிரிப்டும் உதவாது, வரி வரியா வாசிக்கத்தான் வேணும். மார்ச்சுலேர்ந்து மே வரைக்கும் அந்த நாப்பத்தஞ்சு நிமிஷம் இதுக்கே போச்சு. என்னோட பழைய எழுத்தை நான் இவ்வளவு மெதுவா, ஒவ்வொரு வார்த்தையையும் சந்தேகப்பட்டுக்கிட்டு வாசிச்சது இதான் முதல் தடவை, எழுதறப்பக் கூட இப்படி வாசிக்கல.

இதுலதான் பெரிய தப்பு பண்ண இருந்தேன். இ போடப் போன இடத்துல பக்கத்து வார்த்தையும் உறுத்தும். இந்த வர்ணனை எதுக்கு, இந்தப் பொண்ணு ஏன் இவ்வளவு அழறா, இந்த முடிவு சினிமாத்தனம். கை நீளும். மூணு கதையை அப்படி திருத்திட்டேன். ஒரு வாரம் கழிச்சுப் படிச்சா ரெண்டுங்கெட்டான், வாக்கியம் அம்பது வயசுப் பொம்பளை மாதிரி பேசுது, கோபம் மட்டும் இருபத்திநாலு வயசுக் கோபம். மூணையும் அழிச்சுட்டு டிஸ்க் படத்துலேர்ந்து மறுபடி எடுத்தேன், நல்லவேளை படம் இருந்துச்சு. அதுலேர்ந்து ரெண்டு ஃபோல்டர். ஒன்னு பேரு அப்படியே, அதுல தொலைஞ்ச எழுத்தையும் தட்டச்சுப் பிழையையும் தவிர ஒரு கமா கூட நகர்த்தக் கூடாது. இன்னொன்னு பேரு இப்போ, அதுல என்ன வேணா பண்ணலாம். அழற பொண்ணு அப்படியே ஃபோல்டர்ல அழுதுக்கிட்டே இருக்கட்டும், அவளுக்கு அன்னிக்கு அழறதுக்குக் காரணம் இருந்துச்சு.

நோட்டுல கையால எழுதினதை எப்படி ஏத்தறது? அச்சுல இருக்கிறதுன்னா போன்ல படம் எடுத்து கூகுள் டிரைவ்ல போட்டு டாக்ஸா திறந்தா தமிழும் ஓரளவு சுத்தமா வருது, அந்த மைக்ரோஃபிலிம் கதையை அப்படித்தான் எடுத்தேன். என் கையெழுத்துக்கு அதெல்லாம் வேலைக்காகல, எனக்கே சில இடம் புரியல. அதனால வாய்ஸ் டைப்பிங். கூகுள்ல தமிழ் (சிங்கப்பூர்)னு தனியாவே இருக்கு, போனைப் பக்கத்துல வச்சுட்டு நோட்டைப் படிக்கப் படிக்க அது தட்டிக்கிட்டே போகும், கீரை ஆயறப்ப, துணி மடிக்கிறப்ப கூட பண்ணலாம். எழுத்துத் தமிழா நிறுத்தி நிதானமா படிச்சா நல்லா புரிஞ்சுக்குது. பேச்சுத் தமிழ் வசனம் வந்தா திணறுது. ழ, ள ரெண்டும் நம்ம நாக்கைப் பொறுத்தது.

ஆனா வீட்ல ஆள் இருக்கிறப்ப படிச்சா எல்லாரும் கதைக்குள்ள வந்துடறாங்க. ஒரு நாள் செக் பண்றேன், 2003ல எழுதின ஒரு சோகமான பத்தி, கடற்கரை, ஈஸ்ட் கோஸ்ட், கப்பல் விளக்கு, நடுவுல "ஃபேன கொஞ்சம் குறைம்மா குளிருது", அப்புறம் மறுபடி கப்பல் விளக்கு. இன்னொரு இடத்துல மகள், "அம்மா என் பிஇ டிஷர்ட் எங்க." இப்போ ஃபோல்டர்ல அந்தக் கப்பல் விளக்குப் பத்தில ஃபேன் வரியை எடுக்காம விட்டிருக்கேன். அந்த இடத்துல கதைக்குத் தேவைப்பட்டது அதுதானோன்னு ஒரு சந்தேகம்.

மாமி கேட்டுக்கிட்டிருக்காங்கன்னு எனக்கு முதல்ல தோணவே இல்ல. கண்ணை மூடிப் படுத்திருப்பாங்க, தூங்கறாங்கன்னு நினைப்பேன். அந்த துவரைக் கதை இருக்கே, 2001ல எழுதினது, புதுசா கல்யாணமாகி வந்த பொண்ணு, பத்தாவது மாடி வீடு, கதவைச் சாத்திட்டு எல்லாரும் வேலைக்குப் போயிடறாங்க, சாயந்திரம் மாமியார்க்காரி வந்து பானையைத் திறந்து பார்த்து ஒன்னுமே பேசாம மூடுவா, அந்த மூடற சத்தத்துக்கே பொண்ணு நடுங்குவா. டிஸ்க்லேர்ந்து வந்ததை சரி பார்க்க சத்தமா வாசிச்சிட்டிருந்தேன். பாதில மாமி கண்ணைத் திறக்காமலே கேட்டாங்க.

"அந்தக் கெழவி நானா?"

எனக்கு வேர்த்துடுச்சு. "இல்ல மாமி, கதை, சும்மா."

"பானையை நான் அப்படியெல்லாம் மூட மாட்டேனே."

"கதைதானே மாமி."

கொஞ்ச நேரம் பேச்சில்ல. நான் போனை ஆஃப் பண்ணப் போனேன். "மேல படி, அப்புறம் அந்தப் பொண்ணு என்ன பண்ணா?"

அந்தக் கதை இருந்ததுதான் முக்கால்வாசி வந்த டிஸ்க். பொண்ணு கதவைத் திறந்துக்கிட்டு லிஃப்ட் வரைக்கும் போறா, பொத்தானை அமுக்கறா, அதோட நிக்குது. அதுக்கப்புறம் படிக்க முடியாத துண்டு. நோட்டுல அதோட டிராஃப்ட் இருக்கான்னு மூணையும் பார்த்துட்டேன், இல்ல.

"டிஸ்க் கெட்டுப் போச்சு மாமி, மிச்சம் இல்ல."

"நீதானே எழுதின? உனக்குத் தெரியாதா?"

தெரியலன்னுதான் சொன்னேன். நிஜமாவே தெரியல. 2001ல நான் அவளை வீட்டை விட்டே அனுப்பியிருப்பேன்னு நினைக்கிறேன், அப்ப எனக்கு அப்படித்தான் ஆசை. இல்ல லிஃப்ட் வந்து கதவு திறந்து மூடிட்டு காலியா கீழ போற மாதிரி முடிச்சிருக்கலாம், அந்தக் காலத்துல அப்படி முடிச்சா இலக்கியம்னு ஒரு நினைப்பு. மாமி விடல, மறுநாள் டே கேர்லேர்ந்து வந்து சேரை விட்டு இறக்கறதுக்குள்ள, "யோசிச்சியா?" அதுக்கடுத்த நாளும். பப்ளிஷரோட டெட்லைன் கூட இந்த அளவுக்குத் துரத்தாதுன்னு நினைக்கிறேன், எனக்குத்தான் பப்ளிஷரே இருந்ததில்லையே.

ஜூன்லேர்ந்து எழுதறேன். அப்படியே ஃபோல்டர்ல கதை பொத்தானை அமுக்கற இடத்துல நிக்குது, அங்க கை வைக்கல. இப்போ ஃபோல்டர்ல லிஃப்ட் வந்துடுச்சு, உள்ள மாமியார்க்காரி நிக்கறா, கையில மார்க்கெட் பை, அன்னிக்கு சீக்கிரமே வந்துட்டா. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டு நிக்கறாங்க, லிஃப்ட் கதவு மூடப் பார்த்து மூடப் பார்த்துத் திறந்துக்குது. மூணு வாரமா ரெண்டு பேரையும் அங்கயே நிக்க வச்சிருக்கேன், ஒரு நாளைக்கு நாலு வரி, சில நாள் ஒரு வரி, பிஎஸ்எல்இ தமிழ் ஓரல் நெருங்கறதால சில நாள் அதுவும் இல்ல.

மூணாவது நோட்டுல மட்டும் பக்கம் நடுவுல இன்னும் பூச்சி ஓடறது தெரிஞ்சுது. அதுக்கு ஃபிரீசர்தான் வழி. காத்து இல்லாம ஜிப்லாக்ல போட்டு, அதுக்கு மேல இன்னொரு ஜிப்லாக், ரெண்டு வாரம். எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது, ஒரு நாள் பூரா வெளியில வச்சு ரூம் சூட்டுக்கு வந்த அப்புறம்தான் திறக்கணும், இல்லன்னா உள்ள வேர்த்து நோட்டு நனையும். என்னோடது போன புதன்கிழமைதான் உள்ள போச்சு, இன்னும் எட்டு நாள் பாக்கி. வீட்டுக்காரர் நேத்து தேக்காலேர்ந்து ரெண்டு கிலோ வஞ்சிரம் வாங்கிட்டு வந்து, இடம் இல்லைன்னு அதை எடுத்து வெளியில வைக்கப் பார்த்தார். மீனை இன்னிக்கே குழம்பு வச்சாச்சு.